முதல் வகுப்புக்கு வந்தவர் ரெண்டாவதுக்கு வரல: போல் டான்ஸ்ல திருநர்களுக்கு இடம் இருக்கா?

வெண்கலக்கம்பம் | லண்டன் | செவ்வாய், இரவு 11:20

தூக்கம் வரல, அதான் இங்க வந்து கொட்டுறேன். லண்டன் வடமேற்குல ஒரு சின்ன ஸ்டூடியோல போல் டான்ஸ், அதாவது உலோகக் கம்பத்துல ஏறி ஆடுறது, சொல்லிக்கொடுக்குறேன். எட்டு கம்பம், ஒரு நீளக் கண்ணாடி. செவ்வாய்க்கிழமை ஆரம்பநிலை வகுப்பு என்னோடது. ஸ்டூடியோ என்னுது இல்ல, நான் சம்பளத்துக்குத்தான்.

மூணு வாரம் முன்னாடி ட்ரையல் வகுப்புக்கு ஒருத்தர் வந்தாங்க. அடையாளம் தெரியுற மாதிரி எதுவும் சொல்லமாட்டேன். தொளதொளன்னு டி-ஷர்ட், முழு ட்ராக் பேண்ட். வாசல்ல குடுக்குற ஃபாரத்துல ஆண் / பெண் கட்டத்தை டிக் பண்ணாம விட்டிருந்தாங்க. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, மறந்துட்டாங்கன்னு நெனச்சு, தானே 'பெண்'ல டிக் போட்டுட்டா. அவங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே.

வார்ம்-அப்பை நான் எப்பவும் "ஓகே லேடீஸ்"னுதான் ஆரம்பிப்பேன். அன்னிக்கு எத்தனை தடவை சொன்னேன்னு தெரியல. சேர் ஸ்பின் (நாற்காலியில உக்கார்ற மாதிரி காலை வெச்சுக் கம்பத்தைச் சுத்துறது) வரைக்கும் பிரமாதமா பண்ணாங்க, கையில நல்ல பலம். அடுத்தது போல் சிட். கம்பத்தைத் தொடையால கவ்வி உக்காரணும். ட்ராக் பேண்ட்டோட ஏறினா வழுக்கிக்கிட்டே இறங்கத்தான் முடியும். "ஷார்ட்ஸ் கொண்டு வரலையா? தோல் பட்டாத்தான் நிக்கும்"னு அத்தனை பேர் முன்னாடியும் கேட்டுட்டேன். சிரிச்சாங்க. சுவரோரமா போய் உக்காந்து, கடைசி இருபது நிமிஷம் தண்ணி பாட்டில் மூடியைத் திருகித் திறக்குறதும் மூடுறதுமா இருந்தாங்க.

கிளம்பும்போது ஃபோன் வந்துச்சு. "இல்லம்மா, ஜிம்முல இருக்கேன், வந்துடறேன்"னு தமிழ்ல பேசினாங்க. நானும் தமிழ்னு அவங்களுக்குத் தெரியாது. ஏனோ நானும் சொல்லிக்கல.

ரெண்டு நாள் கழிச்சு மெயில்: வகுப்பு நல்லா இருந்துச்சு, நான் நான்-பைனரி (ஆண், பெண் ரெண்டுலயும் அடங்காத ஆள்), இது எனக்கான இடம் இல்லைன்னு தோணுது, நன்றி. அவ்வளவுதான்.

ஓனர்கிட்ட காட்டினேன். "எல்லாரும் வரலாம்னு கதவுல வானவில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோமே, இதுக்கு மேல என்ன பண்ண முடியும்?"னாங்க. அதைத்தான் உங்ககிட்ட கேக்குறேன். என்ன பண்ண முடியும்?

---

தேனிக்காரன் | புதன், காலை 6:05

உங்க பேர்ல கம்பம்னு பார்த்துட்டு எங்க தேனி மாவட்டத்துக் கம்பம் ஊர்தான்னு நெனச்சு உள்ள வந்துட்டேன், மன்னிக்கணும். வந்ததுக்கு ஒரு கேள்வி. தப்பா எடுத்துக்காதீங்க. எதுக்கு அந்தச் சின்ன டிரஸ்? முழுக்கால் பேண்ட் போட்டுக்கிட்டு ஆடினா என்னவாம்? பார்ல ஆடுறது மாதிரி இருக்கணும்னா?

---

வெண்கலக்கம்பம் | புதன், காலை 7:40

தப்பா எடுத்துக்கல, எங்க அத்தையும் இதையேதான் கேட்டாங்க. உள்ளந்தொடை, முழங்கால் மடிப்பு, அக்குள், வயித்தோட பக்கவாட்டு. இந்த இடத்துத் தோல் உலோகத்துல ஒட்டுறதாலதான் தலைகீழா தொங்குறோம். நடுவுல துணி வந்தா பிடிமானம் போச்சு. காலைல கால்ல மாய்ச்சரைசர் தடவிட்டு சாயங்காலம் வந்தாக்கூட வழுக்கும். பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு வழுக்குமரம் ஏறிப்பாருங்க, புரியும். என் பேருல இருக்குற வெண்கலம் சும்மா அழகுக்கு வெச்சது, நாங்க நிஜமா விரும்புறது பித்தளைக் கம்பம். குரோமை விட அது நல்லாப் பிடிக்கும்.

ஆனா உங்க கேள்வியிலதான் இந்த இழையோட விஷயமே இருக்கு. தோலைக் காட்டாம இதைக் கத்துக்க முடியாதுன்னா, சொந்த உடம்பைப் பார்க்கவே சங்கடப்படுற ஒருத்தரை வாசலோட திருப்பி அனுப்புற மாதிரிதானே?

---

இடதுகைப்பிடி | ரொறொன்ரோ | புதன், இரவு 8:15

நான் திருநம்பி. அஞ்சு வருசமா போல் ஆடுறன். அதில முதல் ரெண்டு வருசம் எல்லாரும் என்னைப் பெண் எண்டு நினைச்ச காலம். அதனால ரெண்டு பக்கத்தையும் பாத்தனான். நீளமாத்தான் எழுதப்போறன், பொறுங்கோ.

முதல்ல உடுப்பு. சிலிக்கான் பூசின கம்பம் எண்டு ஒண்டு இருக்கு, தெரியும்தானே. அது துணியிலயே நல்லாப் பிடிக்கும். முழுக் காற்சட்டையோட, நீளக்கை சேர்ட்டோட ஏறலாம். எட்டுக் கம்பத்தில ஒண்டை அப்பிடி மாத்தி விட்டீங்களெண்டால், ஷார்ட்ஸ் போட ஏலாத ஆளுக்கு அண்டைக்கே ஏற ஒரு கம்பம் கிடைச்சிடும். எனக்கு அப்பிடி ஒரு கம்பம் கிடைச்சபடியாத்தான் நான் நிண்டனான். ஒட்டுற லெகிங்ஸும் விக்கிறாங்கள், ஆனா விலை கூட. முதல் நாள் வாற ஆளிட்ட அதை வாங்கச் சொல்ல ஏலாது.

பைண்டர். நெஞ்சைத் தட்டையாக்கப் போடுற இறுக்கமான உள்ளுடுப்பு. எட்டு மணித்தியாலத்துக்கு மேல போடக்கூடாது, அதோட கடுமையான உடற்பயிற்சி செய்யக்கூடாது எண்டுதான் சொல்லுறவை. மூச்சை முழுசா இழுக்க ஏலாது, விலா எலும்பிலயும் அமுக்கம். ஆனா 'கழட்டிப்போட்டு வாங்கோ' எண்டு வகுப்பில சொன்னால் அந்த ஆள் அப்பிடியே வீட்ட போயிடும். எனக்குப் படிப்பிச்ச ஆள் என்ன செய்தவ தெரியுமோ? வகுப்புக்கு முதல் எல்லாருக்கும் போற மெயிலில நாலு வரி: என்ன உடுப்பு போடலாம், பைண்டர் போடுறவை ஒரு அளவு பெரிசா போடுங்கோ இல்லாட்டி இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா போடுங்கோ, தலை சுத்தினால் இருக்கலாம், ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம். எல்லாருக்கும் போற மெயிலில இருந்தபடியா அது என்னை மட்டும் சுட்டிக்காட்டின மாதிரி இருக்கேல்ல. எலாஸ்டிக் பாண்டேஜால சுத்துறதை மட்டும் கண்டால் சொல்லுங்கோ, அது ஆபத்து.

இது ஒருத்தரும் யோசிக்காத விசயம்: ஜெல். டெஸ்டோஸ்டிரோன் எண்ட ஆண் ஹோர்மோனை ஊசியாப் போடாமல் தோளில, மேற்கையில ஜெல்லாப் பூசுறவையும் இருக்கினம். அந்தத் தோல் கம்பத்தில தேய்ச்சால் மருந்து கம்பத்தில ஒட்டும். அடுத்ததா அதே கம்பத்தில அக்குளைக் கொடுத்து ஏறுற பெண்ணுக்கு அது போகக்கூடாது. மருந்துப் பெட்டியிலயே மற்ற ஆக்களின்ர தோலில படவிடாதேங்கோ எண்டு எச்சரிக்கை போட்டிருக்கு. நான் ஜெல்லில இருந்த காலத்தில வகுப்பு முடிஞ்சு, குளிச்சு, பிறகுதான் பூசினனான். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கம்பத்தைத் துடைக்கிறது எண்டு பொதுவா ஒரு விதி வைச்சீங்களெண்டால் ஒருத்தரிட்டயும் மருந்து விசாரிக்கத் தேவையில்லை.

நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நான் கம்பத்துக்குத் திரும்பப் பல மாதம் எடுத்தது. கையைத் தலைக்கு மேல தூக்கவே கனநாள் விடேல்ல. திரும்பி வந்த முதல் மாதம் நெஞ்சு கம்பத்தில உரசித் தோல் போயிட்டுது, எனக்குத் தெரியவேயில்லை. அந்த இடம் அப்ப மரத்துப் போயிருந்தது. சேர்ட்டில ரத்தத்தைக் கண்டு வேற ஆள்தான் சொன்னவ. 'நோகுதா?' எண்டு மட்டும் கேக்காதேங்கோ. சில இடத்தில நோகாது. கண்ணாலயும் பாருங்கோ.

கடைசியா, தாங்கிப் பிடிக்கிறது. தலைகீழாத் திருப்பும்போது இடுப்பில கை வைச்சுத் தூக்குவீங்கள்தானே. வைக்க முதல் கேளுங்கோ, ஒவ்வொரு முறையும், எல்லாரிட்டயும். என்னிட்ட மட்டும் கேட்டால் அது வேற மாதிரி நோகும்.

---

வெண்கலக்கம்பம் | புதன், இரவு 9:02

ஜெல் விஷயம் ஏழு வருஷமா சொல்லிக்கொடுக்குற எனக்குத் தெரியவே தெரியாது. கை நடுங்குது. நாங்க வகுப்பு முடிஞ்சப்புறம் ஒரு தடவைதான் துடைப்போம்.

---

மல்லர்கம்பம்_விழுப்புரம் | வியாழன், காலை 5:50

எங்க ஊர்ல பசங்க அரைக்கச்சையோட மரக்கம்பத்துல ஏறுறானுங்க, ஒருத்தரும் பார் டான்ஸ்னு சொல்றதில்ல. தேனி அண்ணன் கேட்டதுக்காகச் சொல்றேன். மல்லர் கம்பம்னு பேரு. விளக்கெண்ணெய் தடவின கம்பம், தரைக்கு மேல கிட்டத்தட்ட எட்டரை அடி. மகாராஷ்டிராவுல வளர்ந்த கலை. 2013-ல மத்தியப் பிரதேசம் இதைத் தன்னோட மாநில விளையாட்டுன்னே அறிவிச்சுது.

ஆனா ஒண்ணு. ரொம்ப காலம் கம்பம் ஆம்பளைப் பசங்களுக்கு, கயித்துல தொங்கிப் பண்றது பொம்பளைப் பிள்ளைங்களுக்குன்னு பிரிச்சு வெச்சிருந்தாங்க. இப்பதான் பொண்ணுங்களும் கம்பத்துல ஏறுறாங்க. நான் பார்த்த வரைக்கும் கம்பத்துக்கு யார் ஏறுறாங்கன்னு தெரியாது. லண்டன்ல கம்பம் பொண்ணுங்களுக்குன்னு ஆயிடுச்சு, எங்க ஊர்ல ஆம்பளைங்களுக்குன்னு இருந்துச்சு. வேடிக்கைதான்.

பேச்சுவாக்குல இன்னொண்ணு. போல் டான்ஸைச் சிலர் ஏன் 'கம்ப நடனம்'னு மொழிபெயர்க்குறாங்க? கழைக்கூத்துன்னு நம்மகிட்ட பழைய சொல்லே கிடக்கு.

---

வெண்கலக்கம்பம் | வியாழன், காலை 8:10

கழைக்கூத்து! அம்மாகிட்ட இனிமே அப்படியே சொல்றேன், கோயில் திருவிழான்னு நெனச்சுப்பாங்க.

---

சமையல்கட்டு | ஹாரோ | வியாழன், பகல் 1:30

எனக்கு இதுல மாற்றுக்கருத்து இருக்கு. யாரும் என்னை அடிக்க வரக்கூடாது.

நான் ரெண்டு வருஷமா போல் வகுப்புக்குப் போறேன் (இவங்க ஸ்டூடியோ இல்ல). பெண்கள் மட்டும்னு போட்டிருந்ததாலதான் சேர்ந்தேன். வீட்டுல அனுமதி கிடைச்சதும் அதனாலதான். அனுமதி வாங்கணுமான்னு கேக்காதீங்க, வாங்க வேண்டியிருக்கு. அதைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. என் முதல் கல்யாணம் எப்படி முடிஞ்சதுன்னு இங்க எழுத விரும்பல. ஒரு ஆம்பளை இருக்குற அறையில நான் அந்த உடையில நிக்கமாட்டேன். மூளை சொல்றதை உடம்பு கேக்காது. எல்லாருக்கும் கதவைத் திறங்கன்னு சொல்லும்போது என்னை மாதிரி ஆளு எந்தக் கதவால வெளிய போறதுன்னும் யோசிங்க.

---

கணுக்காற்சலங்கை | பெங்களூர் | வியாழன், மாலை 6:45

சமையல்கட்டு அக்கா, அடிக்கமாட்டேன். நான் திருநங்கை. நீங்க பயப்படுற ஆளு நான் இல்லைன்னு சொல்ல வரல. பயம் சொல்லிக்கிட்டா வரும்? ஆனா நானும் அதே பயத்தோடதான் அந்த அறைக்குள்ள போறேன்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க.

இங்க ஒரு ஸ்டூடியோவுக்கு ஃபோன் பண்ணினேன். என் குரலைக் கேட்டுட்டு "சார், இது லேடீஸ் பேட்ச்"னு சொல்லி வெச்சுட்டாங்க. வேற இடத்துக்கு வாட்ஸ்அப்ல மட்டும் பேசி, பணம் கட்டி, நேரா போய் நின்னேன். அங்க இருந்த டீச்சர் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டே "கமான் லேடீஸ்"னு சொன்னாங்க. நான் பாத்ரூம் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போய் அழுதுட்டு வந்தேன். சந்தோஷத்துல. 31 வயசுல அந்தச் சொல்லுக்குள்ள என்னை முதல்தடவை சேர்த்துக்கிட்டாங்க.

அதனால வெண்கலக்கம்பம், நீங்க 'லேடீஸ்'ஐத் தூக்கிப் போடணும்னு எல்லாரும் சொல்வாங்க. போடுங்க. ஆனா எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம் இருக்கும்னும் எழுதி வெச்சுக்கங்க.

உடம்பு விஷயம். ஹார்மோன் ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல என் இன்வர்ட் (கம்பத்துல தலைகீழாத் திரும்புறது) போயிடுச்சு. கை அதே கைதான், பலம் இல்ல. 'ப்ராக்டிஸ் பண்றதில்லையா'ன்னு டீச்சர் கேட்டாங்க. தோல் மெலிசாயிடுச்சு, தொட்டா நீலம் பாய்ஞ்சுடுது. மார்ல கம்பம் பட்டா உயிர் போகும், அங்க கம்பம் படுற அசைவு எதையும் பண்ணவே முடியல கொஞ்ச நாள். ஹார்மோனோட நான் எடுத்துக்கிட்ட ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை உடம்புத் தண்ணியை வெளிய தள்ளிடும். சுழலும் கம்பத்துல ரெண்டு சுத்துக்கே தலை கிர்ருன்னுச்சு. இதெல்லாம் டீச்சருக்குத் தெரியணும்னு இல்ல. 'போன மாசம் பண்ணினதை இந்த மாசம் ஏன் முடியல'ன்னு கேக்காம இருந்தா போதும். பிள்ளை பெத்துட்டு வர்றவங்ககிட்ட அப்படிக் கேப்பீங்களா?

---

சமையல்கட்டு | ஹாரோ | வியாழன், இரவு 10:20

பாத்ரூம்ல போய் அழுததைப் படிச்சுட்டு நானும் அடுப்பை அணைச்சுட்டு உக்காந்துட்டேன். உங்ககூட ஒரே அறையில ஆடுறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எல்லா ஆம்பளைகளும் உள்ள வர்ற வகுப்புதான் எனக்குப் பயம். நான் அதைக் குழப்பிச் சொல்லிட்டேன் போல.

ஆனா முழுசா மனசு மாறிட்டேன்னும் எழுத முடியாது. எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

---

[இந்தப் பதிவு நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | வெள்ளி, காலை 7:00

ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். திருநங்கைகளைக் குறிக்கும் பழைய வசைச்சொல் இங்கே அனுமதி இல்லை, 'வேடிக்கைக்காகச் சொன்னேன்' என்றாலும். விவாதம் நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

வக்கீல்குமாஸ்தா | வெள்ளி, மதியம் 12:15

'பெண்கள் மட்டும்' என்று பலகை வைப்பவர்களுக்காக. 2025 ஏப்ரல் 16-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் பிறப்பின் பாலையே குறிக்கும். அதே சமயம், பாலின மாற்றம் என்பது அந்தச் சட்டம் பாதுகாக்கும் தன்மைகளில் ஒன்றாகத் தொடர்கிறது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே திருநரிடம் பாகுபாடு காட்டலாம் என்று உரிமம் கிடைத்துவிட்டதாக யாரும் குதிக்க வேண்டாம். பலகையை எப்படி எழுதுவது என்பதை உங்கள் ஓனர் ஒரு சொலிசிட்டரிடம் கேட்கட்டும், இணையத்தில் குமாஸ்தாவிடம் அல்ல.

என் சொந்தக் கருத்து: யார் வரலாம் என்று எழுதுவதைவிட வகுப்பில் என்ன நடக்கும் என்று எழுதுவது எளிது. 'சிறிய குழு, ஜன்னல் மூடியிருக்கும், புகைப்படம் கிடையாது, பார்வையாளர் கிடையாது' என்று போட்டால் சமையல்கட்டு அம்மாவின் பாதி பயம் அங்கேயே தீரும் என்று நினைக்கிறேன்.

---

எட்டங்குலம் | மெல்பர்ன் | வெள்ளி, இரவு 11:50

எல்லாரும் மரியாதையா பேசுறீங்க, நான் கொஞ்சம் கலைக்குறேன். 'இது பார் டான்ஸ் இல்ல, ஃபிட்னஸ்'னு தேனி அண்ணனுக்குச் சமாதானம் சொல்றோமே, அதுவே ஒரு கதவடைப்புதான். இந்த ஆட்டம் ஸ்ட்ரிப் கிளப்ல, உடையைக் களைஞ்சு ஆடுற இடத்துல, வளர்ந்துச்சு. இன்னிக்கு ஸ்டூடியோல காசு கட்டிக் கத்துக்குற பல அசைவுகளும், எட்டு இன்ச் ஹீல்ஸும் அங்க வேலை பார்த்த பெண்கள் குடுத்தது. அதுல திருநங்கைகளும் இருந்தாங்க, இருக்காங்க. வேற வேலை குடுக்காத ஊர்ல இந்த வேலை சோறு போட்டுச்சு. அப்புறம் ஸ்டூடியோக்காரங்க 'நான் ஸ்ட்ரிப்பர் இல்ல'ன்னு ஹேஷ்டேக் போட்டாங்க. கிளப்ல வேலை பார்த்தவங்க 'ஆமா, நான் ஸ்ட்ரிப்பர்தான்'னு திருப்பிப் போட்டாங்க. யார் பக்கம் நிக்குறோம்னு ஒவ்வொரு ஸ்டூடியோவும் அன்னிக்கு காட்டிடுச்சு.

இன்னொரு பக்கம் இதை விளையாட்டாக்குற ஓட்டம். சர்வதேச போல் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு 2009-ல தொடங்கி, 2017-ல, அப்ப இருந்த உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளோட தலைமை அமைப்புகிட்ட பார்வையாளர் அந்தஸ்து வாங்குச்சு. நல்லதுதான். ஆனா விளையாட்டானதும் ஆண் பிரிவு, பெண் பிரிவுன்னு ரெண்டு பெட்டி. நான்-பைனரி ஆள் எந்தப் பெட்டியில போறது? இங்க ஆஸ்திரேலியாவுல பிறந்த போல் தியேட்டர் போட்டியில பிரிவுங்க ஆர்ட், டிராமா, காமெடி, கிளாசிக்னு இருக்கும். நீ யாருன்னு கேக்குறதில்ல, என்ன ஆடப்போறன்னு கேக்குறாங்க. வகுப்பு அட்டவணையும் அப்படி எழுதினா என்ன கெட்டுப்போச்சு? 'உங்களுக்குள் இருக்கும் பெண்மையை வெளிக்கொண்டு வாருங்கள்'னு ஹீல்ஸ் வகுப்புக்கு விளம்பரம் எழுதுறதை முதல்ல நிறுத்துங்க. என் வகுப்புலயே தாடியோட எட்டு இன்ச்ல நிக்குற ஆள் ஒருத்தர் இருக்கார். பெண்மையை எல்லாம் வெளிக்கொண்டு வரல, முட்டி வலியைத்தான் கொண்டு வந்தார். என்னமா ஆடுவார் தெரியுமா!

---

தேனிக்காரன் | சனி, காலை 6:30

நான் பார்னு சொன்னது குத்தமாயிடுச்சு போல. அந்த வேலை பார்த்தவங்களைக் கேவலமா சொல்ல வரல. கத்துக்கிட்டேன்.

---

இரண்டுமில்லை | சிங்கப்பூர் | சனி, பகல் 11:10

இழை தொடங்கினவர் சொன்ன ஆள் நான் இல்ல, ஆனா நானாவும் இருந்திருக்கலாம். நான் நான்-பைனரி. அந்த ஃபாரத்துல வேற யாரோ டிக் போட்டதைப் படிச்சப்ப வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு.

சொற்களைப் பத்தி மட்டும் சொல்றேன், மத்ததெல்லாம் மத்தவங்க சொல்லிட்டாங்க. இங்கிலீஷ்ல என்னை 'ஹீ', 'ஷீ'ன்னு இல்லாம 'தே' (they)ன்னு சொல்லச் சொல்லி என் ஆபீஸ்ல ரெண்டு வருஷமா போராடுறேன். தமிழ்ல அந்தச் சண்டையே தேவையில்ல. 'அவங்க வந்தாங்க'ன்னா முடிஞ்சுது. நீங்களே முதல் பதிவுல அந்த மெயில் அனுப்பினவரைப் பத்தி ஒரு இடத்துலகூட அவன், அவள்னு எழுதல, கவனிச்சீங்களா? யோசிக்காமலே சரியா எழுதியிருக்கீங்க.

தமிழ்ல சிக்கல் உறவுமுறையில. அக்காவா, அண்ணாவா? ஒரு தமிழ் ஆளைப் பார்த்த பத்தாவது நொடியில இந்தக் கேள்வி வந்துடும். எங்க பாட்டி 'கண்ணு'ன்னு கூப்பிடுவாங்க, அதுக்காகவே அவங்களைப் பிடிக்கும். அப்புறம் இந்த டா, டி. வகுப்புல நல்லா பண்ணினா "சூப்பர்டி!"னு கத்துவாங்க. பாசமா சொல்றதுதான். ஆனா 'டி' எனக்கு ஒட்டாது. 'டா'வை ஆண் பெண் ரெண்டு பேருக்கும் போடுற வீட்டுல வளர்ந்தேன், அது ஒட்டும். உங்களுக்கு எது ஒட்டும்னு கேட்டா சொல்லிடுவோம். கேக்காம ஊகிக்குறதுதான் களைப்பா இருக்கு.

உடை மாத்துற அறை. எங்க ஸ்டூடியோல ஒரே அறை, நடுவுல ஒண்ணும் இல்ல. துணி துவைக்குற மெஷின் பக்கத்துல ஒரு ஷவர் திரையைத் தொங்க விட்டாங்க, மீன் படம் போட்டது. அதுக்குப் பின்னாடி நான் மட்டும் போவேன்னு நெனச்சேன். இப்ப பாதிப் பேர் அங்கதான் மாத்துறாங்க. ரொம்ப வருஷமா எல்லாருக்கும் அது வேணும்னு இருந்திருக்கு, யாரும் கேக்கல.

---

சமையல்கட்டு | ஹாரோ | சனி, பகல் 2:40

மீன் திரை எங்க கிடைக்கும்? நிஜமாத்தான் கேக்குறேன்.

---

வெண்கலக்கம்பம் | லண்டன் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு

பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்னு ரெண்டு பேர் தனிச்செய்தி போட்டிருந்தீங்க. விடல.

ஓனர்கூட ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். 'ஸ்டிக்கர் போதும்'னு சொன்ன அதே ஓனர், ஜெல் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் எட்டு கம்பத்துக்கும் பக்கத்துல துடைக்குற துணியும் ஸ்ப்ரேயும் தொங்க விட்டுட்டாங்க. இப்ப ஆளு மாறும்போதெல்லாம் துடைக்கிறோம். காரணம் யார்கிட்டயும் சொல்லல, 'சுத்தம்'னுதான் போட்டிருக்கோம். சிலிக்கான் கம்பத்துக்கு முதல்ல முடியாதுன்னாங்க. பயன்படுத்தினது ஒண்ணு மலிவா கிடைச்சுது, சரின்னுட்டாங்க. ஓரக்கம்பத்துல மாட்டாதீங்க, தனிச்சு விட்ட மாதிரி ஆயிடும்னு சண்டை போட்டு நடுவுல மாட்ட வெச்சேன்.

'லேடீஸ்'க்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா. சொன்னா 50 பென்ஸ் போடணும். முதல் வாரம் 4 பவுண்டு 50 பென்ஸ், எல்லாமே என் காசு. இப்ப 'வாங்க மக்களே'ன்னு வருது. தமிழ் தெரியாதவங்களும் 'மக்கலே'ன்னு கத்துறாங்க, வேடிக்கையா இருக்கு. கணுக்காற்சலங்கை, உங்க வருத்தத்தை எழுதி வெச்சிருக்கேன். உங்களை மாதிரி ஒருத்தர் வந்து அந்தச் சொல்லைக் கேட்டா அவங்களைப் பார்த்துச் சொல்லுவேன், டப்பாவுல காசு போட்டுட்டு.

வியாழக்கிழமை ஒரு வகுப்பைச் சின்னக் குழுவா மாத்தியிருக்கோம். ஆறு பேர், ஜன்னல் மூடி, ஃபோன் வெளிய. யார் வரலாம்னு பலகையில எழுதல. சொலிசிட்டரைப் பார்த்துட்டு ஓனர் எழுதுவாங்க. சமையல்கட்டு, உங்களுக்கு ஒரு இடம் வெச்சிருக்கேன், மனசு இருந்தா வாங்க, இல்லைன்னாலும் பரவாயில்ல.

அந்த மெயில் அனுப்பினவங்களுக்கு பதில் எழுதினேன், தமிழ்ல. மன்னிப்பு ரெண்டு வரி, மாத்தினது நாலு வரி, வரணும்னு கட்டாயம் இல்லைன்னு ஒரு வரி. படிச்சதுக்கான அடையாளம் இல்ல. பதிலும் வரல.

ஃபாரத்துல ஆண் / பெண் கட்டத்தை எடுத்துட்டு 'உங்களை எப்படிக் கூப்பிடணும்?'னு ஒரு கோடு மட்டும் போட்டிருக்கோம். போன செவ்வாய் ட்ரையலுக்கு வந்த, 60 வயசு இருக்கும், ஒரு குஜராத்தி அம்மா அதுல எழுதியிருந்தாங்க: "ஆன்ட்டின்னு மட்டும் கூப்பிடாதீங்க."

---

இடதுகைப்பிடி | ரொறொன்ரோ | ஞாயிறு, இரவு

சிலிக்கானில முதல் நாள் ஒருத்தரையும் காற்சட்டை இல்லாமல் வெறுந்தொடையோட ஏற விடாதேங்கோ. பிடிச்ச பிடியில தோலைச் சேத்து இழுத்துப்போடும். அந்த ஆன்ட்டி இல்லாத அம்மாவிட்ட முக்கியமாச் சொல்லுங்கோ.